ஆளுக்கொரு மணி

எங்கள் வீட்டு ஹால் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. பழுதெல்லாம் இல்லை, நாங்களே அப்படி வைத்ததுதான். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இந்த ஏற்பாடு உண்டு. கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைப்பது, அதைப் பார்க்கும்போதெல்லாம் மனத்துக்குள் பத்தைக் கழித்துக்கொள்வது, இன்னும் நேரமிருக்கிறது என்று தெம்பாக உட்கார்ந்துவிடுவது. நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதில் நம்மை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் அதில் கொஞ்சம் கூடுதலாகவே தேறியவன்.

இந்த நிம்மதியில் மண்ணை அள்ளிப் போட்டது வெயில் நேரம். கோடை தாங்க முடியாமல் போன பிறகு அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கடிகாரங்களையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ள வேண்டும். ஆடி முடிந்ததும் பின்னால் இழுக்க வேண்டும். உச்சி வெயில் ஏறுவதற்குள் ஆபீசும் ஆலையும் மூடிவிடலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோயம்புத்தூரில் ஒரு சாதாரண வீட்டில் எத்தனை கடிகாரம் இருக்கும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, அடுப்பில், மோட்டார் டைமரில், வண்டியில், சாமி அறையில். சில தாமாகவே மாறிக்கொள்ளும். சில மாறவே மாறாது. எது மாறியது, எது பத்து நிமிடம் வேகம், எது ஏற்கெனவே செத்துப் போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

வெளியே அதைவிட மோசம். பள்ளிக்கூடம் புது மணியில் நடந்தது. கோயில் பழைய மணியில் நடந்தது. காலண்டரில் ராகு காலத்தை இரண்டு கட்டத்தில் அச்சடித்தார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் இரண்டு நேரம் போட்டார்கள், அப்படியும் என் பெரியப்பா ஒரு முகூர்த்தத்துக்குப் போய், மண்டபத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்களை வாழ்த்திவிட்டு வந்தார்.

எங்கள் வீட்டில் அந்தப் பங்குனி ஞாயிறன்று நான் காலையில் ஹால் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்தேன். அது தெரியாமல் மத்தியானம் மிருதுளாவும் ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டாள். மறுநாள் நான் என் மகள் ஆதிரையை வாரிச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக நான் சீக்கிரம் போன இடம் அதுதான், அங்கேயும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள்.

மிருதுளா என் மனைவி. காளப்பட்டியில் ஒரு ஷெட்டில் இரண்டு கூட்டாளிகளோடு மோட்டார்களுக்கு டைமர் செய்யும் கம்பெனி நடத்திவந்தாள். பிரசவத்துக்கே டாக்டர் சொன்ன தேதியில் போனவள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் வாட்ச்மேன் கதையைச் சொல்ல, அவள் சிரிக்காமல் தோசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சரியான மணியக் காட்டுறதால யாருக்குப் பிரயோசனம்?" என்றாள். "சரியான மணி தெரிஞ்சா நீங்க லேட்டாப் போவீங்க. பத்து நிமிஷம் வேகமா வெச்சா, அந்தப் பத்தக் கழிச்சுட்டு லேட்டாப் போவீங்க. எவ்வளவு வேகம்னே தெரியாத கடிகாரமா இருந்தா?"

"அப்ப எதைக் கழிக்கறது?"

"அதான்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

அடுத்த பங்குனிக்குள் அவள் கம்பெனியிலிருந்து நாழி என்ற சுவர்க் கடிகாரம் வந்துவிட்டது. வெள்ளை முகம், கறுப்பு முட்கள், பன்னிரண்டுக்குக் கீழே மிளகளவு கேமரா. பார்க்கிற ஆள் யாரென்று அதற்குத் தெரியும். அவர் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்பதும் தெரியும். எவ்வளவு முன்னால் காட்டினால் அவர் சரியாகக் கிளம்புவாரோ அவ்வளவு முன்னால் காட்டும். அந்த அளவும் தினமும் மாறும். இரண்டு பேர் சேர்ந்து பார்த்தால் அவர்களில் மந்தமானவருக்கான மணியைக் காட்டும். போனும் கைக்கடிகாரமும் அதோடு கைகோத்துக்கொண்டு அதே பொய்யைச் சொல்லும். வெயில் நேரத் தொல்லையும் ஒழிந்தது. அந்த ஒரு மணி நேரத்தை அது மாசி முழுவதும் தினம் கொஞ்சமாகக் கலந்துவிடும், மாறியதே தெரியாது.

முதல் நாழியை எங்கள் ஹாலில் மாட்டியபோது, அதன் சாமர்த்தியத்தை மிருதுளா எனக்கு விளக்கினாள். அவள் குரலில் அப்படியொரு பெருமை.

"ஒருத்தர எது லேட் பண்ணுதுன்னு அதுவே கத்துக்கும். நீங்க பேப்பரக் கையில எடுத்தீங்கன்னா கால் மணி நேரம் போயிரும்னு அதுக்குத் தெரியும். எடுக்கறப்பவே முள்ளக் கொஞ்சம் வேகமா ஓட்ட ஆரம்பிச்சிரும். குதிக்காது, ஓடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது."

எனக்கு எத்தனை நிமிடம் வைத்திருக்கிறது என்று கேட்டேன். சொன்னால் கழிப்பேனாம், சொல்ல மாட்டாளாம். உனக்கு எத்தனை என்றேன்.

"எனக்கு ஒண்ணுமே இல்லீங்க. நான் என்னிக்கு லேட்டாப் போயிருக்கறேன்?"

மறுக்க முடியாத பேச்சு.

நாழி பிய்த்துக்கொண்டு போனது. ஒரே வருடத்தில் கோயம்புத்தூர் நேரத்துக்கு வருகிற ஊராகிவிட்டது. அதனால் வந்த கூத்துகளையும் சொல்ல வேண்டும். கல்யாண வீடுகளில் பந்தி நடப்பதே ஆட்கள் முன்னே பின்னே வருவதால்தான் என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் பசித்தால் எந்தச் சமையல்காரரும் என்னதான் செய்வார்? பெண் கொடுக்கிறவர்கள் ஜாதகத்தோடு, மாப்பிள்ளைக்கு நாழி எத்தனை நிமிடம் வைத்திருக்கிறது என்றும் விசாரித்தார்கள். தெரு முனையில் நின்று யாரிடமும் மணி கேட்கக் கூடாது என்பது மரியாதையாகிவிட்டது. கேட்டாலும் அவர் சொல்வது அவருடைய மணி, உங்களுக்கு எதற்கு?

நானும் நேரத்துக்குப் போனேன். கணபதியில் பம்ப்செட் கம்பெனியில் எனக்கு வேலை. பதினோரு வருடமாக என்னைக் கரித்துக்கொட்டிய சூப்பர்வைசர் என் தோளில் தட்டிக்கொடுத்தார். எனக்கு ஒரு வாரம் தரையில் கால் பாவவில்லை.

இனி ஆதிரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது ஏழு வயது. திக்குவாய். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டு முகம் சிவக்க நிற்பாள். பேச்சுப் பயிற்சி டாக்டர் ஒரே ஒரு மருந்துதான் எழுதிக்கொடுத்தார். அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் நில்லுங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துக் கொடுக்காதீர்கள், அவசரம் காட்டாதீர்கள். சும்மா நிற்பதென்றால் எனக்குக் கசக்குமா? தினமும் காலையில், செருப்பு மாட்டுகிற நேரத்தில்தான் அவளுக்குப் பேச்சு வரும். முந்தின ராத்திரிக் கனவைச் சொல்வாள். கனவில் ஒரு யானை வந்தால் அது வாசலைத் தாண்டவே ஐந்து நிமிடமாகும். நான் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு யானை போகட்டும் என்று நிற்பேன். அவள் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். காத்திருக்கிற முகத்தைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் திக்கும். என் தலைக்கு மேலே, சுவரில் இருக்கும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு சொல்வாள். அதனால்தான் நாங்கள் தினமும் லேட். வகுப்பு ஆசிரியை ஜெனிஃபர் மிஸ் வாரத்துக்கொரு தடவை என்னைக் கூப்பிட்டு வைத்துத் திட்டுவார், ஆதிரை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

நாழி வந்த பிறகு அந்தத் திட்டும் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாலே நேரமாகிவிட்டது என்றிருக்கும். "அப்பறம் சொல்லு அம்முணி" என்று அவளைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு பறந்துவிடுவேன். கொஞ்ச நாளில் அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். கேட்டதற்கு "ம்" என்றும் "போலாம்" என்றும் பதில் வந்தது. மார்கழியில் ஜெனிஃபர் மிஸ் எங்கள் இருவரையும் அழைத்து, ஆதிரைக்குத் திக்குவது நன்றாகக் குறைந்துவிட்டது என்றார். மிருதுளாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் சொன்னேன். "திக்கல, சரி. அவ பேசறதே இல்லையே மிருதுளா."

"எப்பப் பாரு எதாவது நொட்டை சொல்லுங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து செய்தி வந்தது. நாழியை மாநிலம் முழுக்க எல்லா வீடுகளுக்கும் அரசாங்கமே கொடுக்கப் போகிறது. இனி வெயில் நேரம் வந்தாலும் கடிகாரத்தைத் திருப்ப எந்த வீட்டிலும் யாரும் நாற்காலியில் ஏற வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை அதிகாரிகள் கோயம்புத்தூருக்கே வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு. மிருதுளா சந்தோஷத்தில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அவள் உழைப்புக்கு இது வர வேண்டியதுதான் என்று எனக்கும் பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வேலையைக் கெடுக்க வேண்டாமென்று ஆதிரையைச் சிங்காநல்லூர்க் குளத்துக்குக் கூட்டிப்போனேன். எண்ணெய் தேய்த்துக் குளித்ததில் கைக்கடிகாரத்தைக் கழற்றிய இடத்திலேயே மறந்துவிட்டேன். போனும் வீட்டில் சார்ஜில் கிடந்தது. கரையில் உட்கார்ந்து கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஆதிரை பேச ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக முட்டி மோதி, ஒரு கூழைக்கடா, அதன் மாமியார், அவர்களுக்குள் மீனால் வந்த சண்டை என்று ஒரு குடும்பக் கதையே சொன்னாள். வெயில் சாய்கிற வரை சொன்னாள். எத்தனை மாதமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு!

வண்டியிலும் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து ஹாலில் கால் வைத்ததும், வாக்கியத்தின் நடுவில் நிறுத்திவிட்டாள். நான் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"ஏன் அம்முணி நிறுத்திட்ட? மாமியார் என்ன பண்ணுச்சு?"

அவள் சுவரைக் காட்டினாள்.

"கா... காலைல நா... நான் பேசுனா முள்ளு ஓ... ஓடுதுப்பா."

"பேசலைன்னா?"

"மெ... மெதுவாப் போகுது. உ... உங்கள மிஸ் தி... திட்ட மாட்டாங்க."

மிருதுளாவிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளை நாழி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது, அது அவள் கையால் எழுதிய விதி என்றாள். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"அவளுக்குப் பொய் சொல்லல. எனக்குச் சொல்லுது. அத அவ பார்த்துட்டு நிக்கறா. என்னை லேட் பண்றது எதுன்னு கண்டுபுடிக்கச் சொன்னியே, கண்டுபுடிச்சிருச்சு."

மிருதுளா திரும்பி மகளைப் பார்த்தாள்.

மறுநாள் காலை மிருதுளாவைக் கூட்டத்துக்கு அழைத்துப்போக வாசலில் கார் வந்து நின்றது. மிருதுளா பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தாள். போகாமல், கம்பெனியில் சோதனைக்கு வைத்திருக்கும் ஸ்டாப்வாட்சைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராவுக்கு ஆள் தெரியாதபடி முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கதவோரமாக நின்றாள். வேறொரு நாளாக இருந்தால் அந்தக் கோலத்தை வைத்து ஒரு வாரம் கேலி செய்திருப்பேன். நான் ஹெல்மெட்டோடு என் இடத்தில் நின்றேன். ஆதிரை செருப்பை மாட்டிக்கொண்டு பேசாமல் நின்றாள். சொல்லு அம்முணி, இன்னிக்கு லேட்டானாப் பரவால்ல, அம்மா பார்க்கட்டும் என்றேன்.

அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஆரம்பித்தாள். "நே... நே... நேத்து..."

விநாடி முள் விறுவிறுவென்று கிளம்பியது. தெரிந்துகொண்டு பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிருதுளாவின் கையில் ஒரு நிமிடம் ஆவதற்குள் சுவரில் இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆதிரை வாயை மூடினாள். முள் மூச்சு வாங்குவது மாதிரி பழைய நடைக்குத் திரும்பியது.

மிருதுளா துண்டை அவிழ்த்தாள். என்னை வெளியே போகச் சொன்னாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் அவள் போய் நின்றுகொண்டு, சொல்லு கண்ணு என்றாள். ஆதிரை அதே வார்த்தையைத் திரும்ப ஆரம்பித்தாள். முள் எனக்கு ஓடியதைவிட வேகமாக ஓடியது. ஒரு முழு வார்த்தை வெளியே வருவதற்குள் சுவரில் நாலு நிமிடம் போய்விட்டது.

மிருதுளா நாழியை ஆணியிலிருந்து கழற்றித் தரையில் குப்புற வைத்தாள். அப்படியே அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் உள்ளே வந்தேன்.

"நான் லேட்டானதே இல்லைன்னு சொன்னனேங்க" என்றாள். "அது என்னைய லேட்டாக உடல."

பிறகு புடவையைக்கூடச் சரிசெய்யாமல் ஆதிரையை மடியில் இழுத்துக்கொண்டு, நேற்று என்ன என்று கேட்டாள். வாசலில் டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். கூழைக்கடாவின் மாமியார் கதை முழுவதும் முடிந்த பிறகுதான் என் மனைவி எழுந்து கூட்டத்துக்குப் போனாள். எவ்வளவு லேட் என்று நான் கேட்கவில்லை. அவளும் பார்க்கவில்லை.

கூட்டத்தில் நடந்ததைப் பிறகு சொன்னாள். அதிகாரிகள் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சின்னப் பழுதுதானே, சரிசெய்து கொடுங்கள், ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்களாம். கூட்டாளிகள் இருவரும் தலையாட்டியிருக்கிறார்கள். மிருதுளா ஆட்டவில்லை.

"பழுதில்லீங்க சார். நான் சொன்னதத்தான் சரியாச் செஞ்சிருக்குது. யாரால லேட்டாகுதுன்னு கண்டுபுடிச்சு, அவங்க வாயத் தொறக்கறப்பவே மத்தவங்களக் கெளப்பி உட்டுருது. ஒவ்வொரு ஊட்டுலயும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க. உங்க ஊட்டுல யாருன்னு யோசிச்சுப் பாருங்க."

மூத்த அதிகாரி ஒருவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கூட்டத்தை முடித்துவிட்டாராம்.

திட்டம் நின்றது. கூட்டாளிகளில் ஒருவர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. விற்ற நாழிகளையெல்லாம் இணையம் வழியாகவே ஒரே இரவில் மிருதுளா உண்மையான மணி காட்டும் வெறும் கடிகாரங்களாக மாற்றிவிட்டாள். அதற்கு வாங்கிய வசவு கொஞ்சமில்லை. ஊர் மறுபடி லேட்டாக ஆரம்பித்தது, பந்திகள் ஒழுங்காக நடந்தன, என் சூப்பர்வைசர் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். மிருதுளா திரும்பவும் மோட்டார் டைமர் செய்யப் போனாள். தோற்றுப்போன ஆள் மாதிரி அவள் ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை. தப்பான ஒன்றைச் செய்யத் தெரிந்தவளுக்குச் சரியான ஒன்றும் தெரியும், கொஞ்சம் பொறுங்கள் என்று என்னிடமே சவால் விடுகிறாள். நான் நம்புகிறேன்.

ஆதிரைக்குத்தான் நாளாயிற்று. காலையில் செருப்பு மாட்டும்போது வெறும் ஆணியைப் பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். நானும் மிருதுளாவும் கையில் பையோடு அவள் எதிரில் நிற்போம். ஒரு வார்த்தை, மறுநாள் ஒன்றுமில்லை, அப்புறம் இரண்டு வார்த்தை. மிருதுளாவுக்கு நிற்கத் தெரியாது, கால் மாற்றி மாற்றி நின்று பழகினாள். தை போய் மாசி போனது.

பங்குனியில் வெயில் நேரம் வந்தது. வழக்கம்போல வீட்டில் எந்தக் கடிகாரமும் எதோடும் ஒத்துப்போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் நாற்காலியில் ஏறி, கடையில் வாங்கிய சாதாரணக் கடிகாரம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, புது மணி என்ன என்று வீட்டைப் பார்த்துக் கத்தினேன். போன் படுக்கையறையில் இருந்தது. ஆதிரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து நாற்காலியடியில் நின்றாள். அண்ணாந்து, என் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏ... ஏ... ஏழு..."

நான் முள்ளைத் திருப்பும் திருகைப் பிடித்தபடி நின்றேன். மிருதுளா அடுப்பை அணைத்துவிட்டுக் கரண்டியோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

"நா... நா... நாப்... நாப்பது."

சொல்லி முடித்து மூச்சு விட்டாள். சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில் நாற்பது தாண்டிப் போயிருக்கும் என்பது எனக்கே தெரிந்தது. விநாடி பிசகினால் தூக்கம் வராத என் மனைவிக்குத் தெரியாதா? எதை வைக்கட்டும் என்று அவளைப் பார்த்தேன்.

"ஏழு நாப்பது" என்றாள் மிருதுளா. "என்ற புள்ள சொன்ன மணிய வைங்க."